பென்சிலால் போட்ட கீழ்க்கோடு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டரில் போக்கர் ஆடுகிறவர்களில், சில்லறைக்கு ஆடுகிறவர்கள் முரடர்கள், பெரிய தொகைக்கு ஆடுகிறவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள் என்று நான் நம்பினேன். நான் பந்தயத்தை உயர்த்தினால் பெரிய மேசைக்காரன், ‘பெரியவர் ஏதோ நல்ல சீட்டு வைத்திருக்கிறார் போல’ என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வான். ஆகையால் நான் ஜெயிக்காததற்கு ஒரே காரணம், என் தகுதிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதுதான். இப்படி ஒரு சித்தாந்தத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்தேன்.

இதற்கு ஆதாரம் எங்கள் கேன்டீன். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வால்வு செய்கிற தொழிற்சாலை அது. நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். தொழிலாளர் கேன்டீனில் பூரி போடுகிற நாளில் ஒரு கரண்டிக்கு மூன்று தட்டு நீளும். ஆபீசர் கேன்டீன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம். ஒருமுறை கஸ்டமர் ஆடிட்டின்போது என்னையும் அங்கே சாப்பிட அழைத்துப் போனார்கள். இரண்டு மேனேஜர்கள் ஒரே சாம்பார் வாளியின் முன் நின்று, “நீங்க போடுங்க சார்”, “இல்ல சார், நீங்க” என்று ஆறு நிமிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சாம்பார் ஆறிவிட்டது. ஆனால் என்ன மரியாதை! போக்கரிலும் மேல்மேசை இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

விளையாட்டை அறிமுகப்படுத்தியது என் மைத்துனன். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. அவனுடைய கணக்கிலிருந்து ஐம்பது டாலரை என் கணக்குக்கு மாற்றிவிட்டான். நான் அவன் கையில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தேன். கொடுத்தது நான், பணம் என் மனைவியுடைய தீபாவளி போனஸ். அவள் பேரிகை ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பேக்கிங் ஹாலில் இருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பூக்களைத் தண்டின் நீளம் பார்த்து நாற்பது சென்டிமீட்டர், ஐம்பது, அறுபது என்று பிரித்துக் கட்டுகிற வேலை. ஒரு பூவைக் கையில் எடுத்தாலே நீளம் சொல்லிவிடுவாள். ஆளையும் அப்படித்தான்.

பணத்தைக் கொடுக்கும்போது ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

“இதோட சரி. இது தீந்தா ஆட்டமும் தீந்துச்சு. மறுபடி வீட்டுப் பணத்துல ஒரு ரூபா எடுக்கக் கூடாது.”

“எடுக்க மாட்டேன்.”

“சிரிக்காம சொல்லுங்க.”

சிரிக்காமல் சொன்னேன். நான் ஒரு வாக்கியத்தைச் சிரிக்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது இருபது வருடமாக அவளுக்குத் தெரியும். அதனால் அதை அவள் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். சேர்த்துப் பார்த்து யாருடைய ஐந்து பெரியதோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம். அல்லது, மற்றவர்கள் எல்லோரும் பயந்து சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டால் மிச்சம் இருப்பவருக்குப் பணம். மேசைகள் படிப்படியாக இருக்கும். அடிமட்டத்தில் இரண்டு சென்ட் மேசை. அதில் முழுசாக உட்கார இரண்டு டாலர் வேண்டும். அடுத்தது ஐந்து சென்ட் மேசை, ஐந்து டாலர். பிறகு பத்து சென்ட், பத்து டாலர். பிறகு இருபத்தைந்து. இந்த உட்காரும் தொகைக்கு ஏதோ பெயர் உண்டு; எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் எல்லாமே ட்ரே கணக்கு என்பதால் நான் அதை ‘ட்ரே’ என்றே வைத்துக்கொண்டேன்.

“மாமா, ரூல் இதுதான்,” என்றான் மைத்துனன். “மேல் மேசைக் கணக்குல முப்பது ட்ரே சேந்தாத்தான் அங்க போகணும். ஒக்காந்திருக்கற மேசைக்கு இருபதுக்குக் கீழ வந்தா பேசாம எறங்கிடணும். ஏர்றது பெரிசில்ல. எறங்கறதுதான்.”

“நான் எதுக்குடா எறங்கப் போறேன்?” என்றேன். இந்த ஒரு கேள்விக்கே என்னிடமிருந்து மௌஸைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

இருந்தாலும் நான் குவாலிட்டி ஆள். விதி என்றால் அதைக் கோடாகப் போட்டால்தான் எனக்குப் புரியும். எங்கள் மெஷின் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிராஃப் தாள் தொங்கும். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. மணிக்கொரு தரம் வால்வை அளந்து ஒரு புள்ளி வைப்போம். புள்ளி கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும். மெஷினோடு யாரும் வாதாட மாட்டார்கள். அதே மாதிரி ஒரு கிராஃப் தாள் வாங்கி, கணக்கில் உள்ள டாலரை தினமும் புள்ளியாக வைத்தேன். மேல்கோட்டைத் தொட்டால் ஏற வேண்டும். கீழ்க்கோட்டைத் தொட்டால் இறங்க வேண்டும். மேசை மாறினால் கோடுகளும் மாறும் என்பதால் சிவப்புப் பென்சிலால் போட்டேன். பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை மூன்று மணிக்கு வீட்டில் இறக்கிவிடும். மனைவி வர ஐந்தரை. மகள் ட்யூஷன் முடிந்து வர ஆறு. மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் இரண்டரை மணி நேரம் நான் படிப்பேன்.

படித்தேன் என்றால் உட்கார்ந்து படித்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு நல்ல சீட்டு வந்தால் உட்கார முடியாது. இரண்டு ராஜா வந்த முதல் நாள், எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். முடிவெடுக்க இருபது விநாடிதான் தருவார்கள். குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரே என் சீட்டைக் கீழே போட்டுவிட்டது. அதற்குப் பிறகு சொம்பை மேசைமேலேயே வைத்துக்கொண்டேன். அப்படியும் கால் நிற்காது. இடது கால் தானாக ஆடும், மேசை ஆடும், மானிட்டர் ஆடும், திரையில் இருக்கிற ஆட்களெல்லாம் பஸ்ஸில் போகிற மாதிரி குலுங்குவார்கள்.

ஒரு நாள் இரண்டு ஏஸ் வந்தது. அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. உயர்த்தினேன். மூன்று பேர் அதே தொகையைப் போட்டுக் கூடவே வந்தார்கள். மறுபடி உயர்த்தினேன். இரண்டு பேர் வந்தார்கள். மறுபடியும். ஒருவன் வந்தான். கடைசியில் அவன் காட்டியது ஏழும் இரண்டும். பிறந்ததிலிருந்து யாரும் மதிக்காத அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் விரிந்ததில் ஜோடி சேர்ந்துவிட்டது. என் இரண்டு டாலரும் அவனிடம் போனது. நான் மானிட்டரைப் பார்த்து எழுந்து நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டி, “ஏதாச்சும் விழுந்துடுச்சுங்களா?” என்று கேட்டார்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

“எவனும் மதிக்க மாட்டேங்கறான்டா. நான் இவ்வளவு ஏத்தறேன், ஒருத்தனாவது பயப்படணுமே?”

“மாமா, எல்லாரும் உங்களப் பாத்துக் கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சுப் போய்ட்டா, உங்களுக்குக் காசு யாரு குடுப்பா?”

மிக நல்ல கேள்வி. அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது என்னவென்றால், இவனும் என்னை மதிப்பதில்லை என்பது.

ஆனாலும் ஏறினேன். அதைச் சொல்லாமல் விட்டால் என்மேல் எனக்கே கோபம் வரும். உண்மையிலேயே கொஞ்சம் தேறினேன். என் முன்னேற்றம் என்று பார்த்தால் பெரும்பகுதி, கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டதுதான். பத்துத் தடவை சீட்டு வந்தால் எட்டுத் தடவை போட்டுவிட வேண்டும். எனக்கு அது ஆகாது. விரல் தானாக மௌஸை அமுக்கிவிடும். அதனால் வலதுகையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். கை மரத்துப்போனால் நன்றாக ஆடுகிறேன் என்று அர்த்தம். ஒரே நாளில் மூன்று ட்ரே போனால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஈரத்தோடு மடித்த துணிகள் நிறைய இருந்தன.

ஐம்பது டாலர் நூற்றைம்பது ஆக ஐந்து மாதம். ஐந்து சென்ட் மேசைக்கு ஏறினேன். அங்கே எட்டு மாதம், முந்நூறு. பத்து சென்ட் மேசை. கிராஃப் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மா எங்கள் பீரோவிலிருந்து ஏதோ புடவை பார்க்கப்போய் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். என் மனைவியிடம் தணிந்த குரலில், “உங்க வீட்டுக்காரருக்கு சுகர் இப்படி ஏறிட்டே போவுதே, டாக்டரு ஒண்ணும் சொல்லலீங்களா?” என்று கேட்டிருக்கிறார். மனைவி, “அவரு சொன்னா கேக்கறதில்லீங்க,” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷங்களில் எனக்கு மட்டும் பாயசம் கிடையாது.

தொழிற்சாலையில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள், இன்ஸ்பெக்‌ஷனில் என் எதிர் மேசைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினைந்து வருடம் ஓசூரில் இருந்தும் ஒரு சொல்கூட ஊர்ப்பேச்சு மாறாதவர். நான் அவரை ‘அண்ணாச்சி’ என்பேன். அவர் என்னை ‘வே’ என்பார்.

“என்ன வே, பத்து சென்ட்டுக்கு ஏறியாச்சாமே? எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?”

“தெரியும் அண்ணாச்சி. கொஞ்சம் சின்னதாத் தெரியறீங்க.”

“கண்ணாடி மாத்தும்.”

பத்து சென்ட் மேசையில் ஒரு வருடத்துக்கு மேல். அங்கேயும் ஒருவனும் என்னை மதிக்கவில்லை. நான் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு உயர்த்துவேன், அவர்கள் குப்பையை வைத்துக்கொண்டு கூடவே வருவார்கள், பெரும்பாலும் நான் ஜெயிப்பேன். இதில் மனம் நோகிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. பணம் வருகிறது, மரியாதை வரவில்லை. எப்போதடா எழுநூற்றைம்பது ஆகும், எப்போது இருபத்தைந்து சென்ட் மேசைக்குப் போவோம் என்று பறந்தேன்.

ஆன நாளன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முகச்சவரம் செய்தேன். குளித்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்து மனைவிக்குப் பண்ணையில் சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தாள்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்ல.”

“அப்பறம் சட்ட?”

“பெரிய மேசை.”

அவள் என்னையும் பார்த்தாள், கம்ப்யூட்டரையும் பார்த்தாள். “அவங்களுக்கு உங்களத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். டீ வைக்கும் சத்தத்தோடு சிரிக்கும் சத்தமும் வந்தது.

பெரிய மேசையில் நாகரிகம் இருந்தது என்பது உண்மை. யாரும் கத்தவில்லை, யாரும் குப்பைச் சீட்டோடு கூடவே வரவில்லை. நான் உயர்த்தினேன். எதிரில் இருந்தவன் அமைதியாக, நான் உயர்த்தியதற்கு மூன்று மடங்கு உயர்த்தினான். அவ்வளவுதான். ஆபீசர் கேன்டீனில் ‘நீங்க போடுங்க சார்’ என்று சொன்னவர், வாளியையே தூக்கி என் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. கையில் இரண்டு ராணி. நல்ல சீட்டு. ஆனால் இடது கால் ஆட ஆரம்பித்தது. பிறகு வலது காலும். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியது. சீட்டைப் போட்டேன். அடுத்த தடவை நான் உயர்த்த, அவன் மறுபடி மூன்று மடங்கு. போட்டேன். நான் பயப்படுகிறேன் என்பது அரை மணி நேரத்தில் அந்த மேசை முழுக்கத் தெரிந்துவிட்டது. எந்த நாட்டிலோ எந்த அறையிலோ இருந்த ஐந்து பேர், ஓசூரில் ஒருவனுக்கு வியர்ப்பதை எப்படியோ பார்த்துவிட்டார்கள்.

பயத்தில் போட்டது பாதி என்றால், பயந்துவிட்டோமே என்ற கோபத்தில் குப்பையோடு கூடவே போனது மீதி. அதாவது, இரண்டு சென்ட் மேசையில் நான் யாரைப் பார்த்துக் கத்தினேனோ, அந்த ஏழு-இரண்டு ஆளாக நானே ஆகிவிட்டேன். மூன்று வாரத்தில் எழுநூற்றைம்பது ஐந்நூறு ஆனது. புள்ளி கீழ்க்கோட்டில் வந்து உட்கார்ந்தது.

விதிப்படி அன்றே பத்து சென்ட் மேசைக்கு இறங்கியிருக்க வேண்டும். அண்ணாச்சியிடம் கேன்டீனில் சொன்னேன்.

“எறங்குறதா? என்ன வே பேசுதீரு? நம்ம கம்பெனில ஒருத்தனுக்கு கிரேடு குடுத்தா திருப்பி வாங்க முடியுமா? சார்ஜ் ஷீட் குடுக்கணும், என்கொயரி வைக்கணும், யூனியன் கேக்கும்.”

“எனக்கு யூனியன் யாரு அண்ணாச்சி?”

“நாந்தான்.” தட்டை நகர்த்தி வைத்துவிட்டு விசாரணை அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொல்லும். மூணு வாரத்துல எரநூத்தம்பது டாலர் ரிஜெக்‌ஷன். என்ன காரணம்?”

“சீட்டு சரியில்லைங்க ஐயா.”

“மெட்டீரியல் டிஃபெக்ட். ஆபரேட்டர் மேல தப்பு இல்ல. கேஸ் தள்ளுபடி.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தீர்ப்பை நான் நிஜமாகவே அமல்படுத்தினேன். பதவி உயர்வு என்றால் சர்வீஸுக்குக் கிடைப்பது, ஒருமுறை கிடைத்தால் நம்முடையது என்றுதான் இருபது வருடமாக என் உடம்புக்குப் பழக்கம். இறங்குவது என்றால் தண்டனை. நான் என்ன திருடினேனா?

பீரோவைத் திறந்து, ரப்பரால் கீழ்க்கோட்டை அழித்தேன். நானூறில் புதுக்கோடு போட்டேன்.

இதன் அர்த்தம் வெளியாட்களுக்கு விளங்காது. எங்கள் வேலையில், மெஷின் கெட்டுப்போய் வால்வு அளவு தப்பினால் மெஷினைச் சரிசெய்ய வேண்டும். கோட்டை நகர்த்தக் கூடாது. கோட்டை நகர்த்துகிறவனைப் பிடித்தால் அன்றே வெளியே அனுப்புவார்கள், அதைப் பிடிப்பதுதான் என் வேலையே. அப்படி நகர்த்திய இரண்டு பேரை நானே கண்டுபிடித்து, நீண்ட நேரம் அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்த அறிவுரையில் ஒரு வார்த்தைகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பதினைந்து நாளில் நானூறு. கோட்டை முந்நூறுக்கு இறக்கினேன். அது வந்தது. இருநூறுக்கு இறக்கினேன். அழித்து அழித்துத் தாளில் அந்த இடம் மெலிந்து, ஒரு இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா இன்னொரு முறை பீரோவைப் பார்த்திருக்கிறார். தெருவில் என்னை நிறுத்தி, “நல்லா கொறஞ்சிருக்குங்க! என்ன மருந்து சாப்புடறீங்க, எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லுங்க,” என்றார். “கட்டுப்பாடுதாங்க,” என்றேன்.

மனைவி அன்று மாலை பீரோவிலிருந்து துண்டு எடுத்தவள், கதவை மூடாமல் நின்றாள்.

“கோட்ட எறக்கிட்டீங்களா?”

“அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன்.”

“எங்க ஹால்ல நான் ஸ்கேல வெட்டிட்டா, நாப்பது பூவு அறுபது ஆயிடுங்களா?”

நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. அவள் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. “குடுத்த வாக்கு ஞாபகம் இருக்குதில்ல?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. இருநூறும் போனால் ஆட்டம் முடிந்தது. ஐம்பது டாலர் ஒன்றுதான், இரண்டாவது கிடையாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பவர் கட் வந்தது. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் தெருவுக்கு மூன்றிலிருந்து ஐந்து. சரியாக என்னுடைய நேரம். ஓசூர்க்காரனுக்கு மட்டும் இதற்கு ஒரு வழி உண்டு: பஸ் ஏறினால் அரை மணியில் வேறு மாநிலம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளியில் இறங்கினால், அங்கே அவர்களுடைய கரண்ட் வேறு நேரத்தில் போகும்.

நான்கு நாள் புள்ளி வைக்காமல் இருந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன். கணக்கில் இருநூற்றுப் பத்து டாலர். சட்டைப் பையில் வங்கி கார்டு. வீட்டுச் செலவுக்கான கணக்கின் கார்டு. பீரோவில், அந்தக் கிராஃபுக்குக் கீழேயே இருப்பது. எதற்காக எடுத்தேன் என்று நானே என்னைக் கேட்டபோது, ‘ஐ.டி. ப்ரூஃபுக்கு’ என்று பதில் சொல்லிக்கொண்டேன். பஸ் கூட்டத்தில் நின்றபடி ஜூஜூவாடி வருவதற்குள் எட்டுத் தடவை பையைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் தன் பையை என்னிடமிருந்து நகர்த்திக்கொண்டார்.

அத்திப்பள்ளியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “லாட்டரி நிந்தோய்து சார்,” என்றார். லாட்டரி நின்றுபோய்விட்டதாம். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடைசெய்த பிறகும் அந்தப்பக்கம் கொஞ்ச காலம் நடந்தது. அப்போது ஓசூரிலிருந்து இதே பஸ்ஸில், இதே முகத்தோடு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் போல.

“லாட்டரி இல்ல. கம்ப்யூட்டரு பேக்கு,” என்று, கம்ப்யூட்டர் வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். வங்கி கார்டு பையிலேயே இருந்தது. ஐ.டி. ப்ரூஃபுக்கு அது தேவைப்படவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

மூலைக் கேபின். இருபத்தைந்து சென்ட் மேசை. கையைத் தொடைக்கு அடியில் வைக்கலாம் என்றால் அங்கே போட்டிருந்தது வழுக்குகிற பிளாஸ்டிக் நாற்காலி. பத்து நிமிடத்தில் இரண்டு ராஜா. உயர்த்தினேன். ஒருவன் மூன்று மடங்கு. இந்த முறை பயப்படுவதில்லை என்று மேசையில் வைத்திருந்த இருபத்தைந்து டாலரையும் நடுவில் தள்ளினேன். அவனிடம் இரண்டு ஏஸ். இருபத்தைந்து போனது. அது யாருக்கும் நடக்கும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது அடுத்தது. மறுபடி இருபத்தைந்து வைத்து உட்கார்ந்து, ஒரு பத்தும் ஒரு நான்கும் வந்ததற்கு அத்தனையையும் தள்ளினேன். கால் ஆடிக்கொண்டிருந்தது, கையும் கூடப் போனது, அவ்வளவுதான். அதுவும் போனது.

திரை மங்கி, மிச்சம் நூற்றுப் பத்து என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நூற்று அறுபது.

எழுந்தேன், கேபினில் எழுந்தால் தலை இடிக்கும், இடித்தது. உட்கார்ந்தேன். பணம் போடுகிற பக்கத்தைத் திறந்தேன். கார்டை எடுத்து கீபோர்டின் மேல் சாய்த்து வைத்தேன். மனைவி கேட்ட வாக்கு அந்த நேரத்தில் மனதில் வரவில்லை என்று சொன்னால் பொய். அச்சு அசலாக, ‘சிரிக்காம சொல்லுங்க’ என்பது வரை வந்தது. வந்தது, ஓரமாக நின்றது. பதினாறு எண்ணையும் ஒன்றொன்றாக அடித்தேன். இருநூறு டாலர் என்று போட்டேன். பட்டனை அமுக்கினேன்.

திரையில் காத்திருக்கச் சொல்லும் சக்கரம் சுற்றியது. ஒரு நிமிடம் சுற்றியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான், போடாதே என்றும் போடு என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டேன்.

உங்கள் வங்கி இந்தப் பரிவர்த்தனையை மறுத்துவிட்டது என்று வந்தது.

இன்னொரு முறை அடித்தேன். மறுபடி மறுத்தது. மூன்றாம் முறை அடிக்கும்போது கல்லாக்காரர், “ஒன் அவர் ஆய்து சார்,” என்றார். பதினைந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. மனைவி அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது தயாராக இரண்டு ஜோக் வைத்திருந்தேன். வாசலைத் தாண்டியதும் இரண்டும் போய்விட்டது.

“கார்ட எடுத்துட்டுப் போனேன்,” என்றேன்.

“தெரியும். துண்டு எடுக்கப் போனேன், அங்க இல்ல.”

“அத்திப்பள்ளிக்கு.”

“போட்டீங்களா?”

“போட்டேன்.”

“எத்தினி?”

“எரநூறு டாலர். பேங்க்ல வேணாம்னுட்டாங்க. மூணு தடவ.”

டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, “வேணாம்னு பேங்க்குதான சொல்லுச்சு,” என்றாள். “நீங்க சொல்லல.”

கார்டை எடுத்து டம்ளர் பக்கத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்துத் தன் பண்ணை டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு மகளின் மேசையிலிருந்து ஒரு பேனாவும் புதுக் கிராஃப் தாளும் எடுத்து வந்து என் முன்னால் போட்டாள்.

“இனிமே பேனாவுல போடுங்க.”

நூற்று அறுபதுக்கு எந்த மேசை என்று கணக்குப் பார்த்தேன். ஐந்து சென்ட் மேசை, முப்பத்திரண்டு ட்ரே. மேலே முந்நூறில் ஒரு கோடு, கீழே நூறில் ஒரு கோடு. நான் பேனா பிடிக்க, அவள் டிபன் பையிலிருந்து பூ அளக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கேன்டீனில் அண்ணாச்சி, “எறங்கிட்டீராமே, அப்பீல் போடலையா?” என்றார். மேல்முறையீட்டு அதிகாரி வீட்டில்தான் இருக்கிறார், அவர்தான் தீர்ப்பே எழுதினார் என்றேன்.

அந்த ஐந்து சென்ட் மேசையில் யாரும் என்னை மதிக்கவில்லை. நான் உயர்த்தினால் ஏழையும் இரண்டையும் வைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் பத்து சென்ட் மேசைக்கு நான்கு தடவை ஏறினேன், மூன்று தடவை இறங்கினேன். இருபத்தைந்து சென்ட் மேசைக்கு மறுபடி போகவில்லை. கார்டு அவளிடமே இருக்கிறது.